வதந்தியும் நாமும்: யுத்த காலத்தில் போனைப் பாவிப்பது எப்படி?



சென்ற இதழ்களில் ஊழியர் சேமலாப நிதி பற்றியும் பிள்ளைகளின் போசாக்கு பற்றியும் எழுதினோம். இந்த முறை கையடக்கத் தொலைபேசி பற்றி எழுதுகிறோம். “போனைப் பத்தி இவங்க என்ன சொல்லித் தரப் போறாங்க, எங்க வீட்டு சின்னப்புள்ளையே எங்களுக்குச் சொல்லிக் குடுக்குது” என்று நீங்கள் சிரிப்பது எமக்குக் கேட்கிறது. போனை அமுக்கச் சின்னப்பிள்ளை சொல்லித் தரும். ஆனால் நாட்டில் குண்டு வெடித்து, எல்லோர் மனதிலும் பயம் பிடித்திருக்கும் நேரத்தில் அந்தப் போனில் வரும் செய்தியை என்ன செய்வது? அதைப் பெரியவர்கள் நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தினம். அன்று காலை கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள் என்று அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. பிற்பகல் தெஹிவளையில் ஒன்று வெடித்தது. தெமட்டகொடையில் ஒரு வீட்டைச் சோதனையிடப் போன மூன்று பொலிஸ்காரர்கள் அங்கு வெடித்த குண்டில் இறந்தார்கள். எல்லாமாக 260 பேருக்கு மேல் உயிர் போனது.

தெமட்டகொடைக்கு அடுத்தாற்போல் இருப்பதுதான் மாளிகாவத்தை. கொழும்பு 10. முஸ்லிம் மக்கள் கூடுதலாக வாழும் இடம். தொடர்மாடி வீடுகளும் சின்னச் சின்னக் கடைகளுமாக நெருக்கமான பகுதி. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போலவே அங்கும் எமது தோட்டத்துப் பிள்ளைகள் கடைகளில் நிற்கிறார்கள். எமது டிவிசனில் இருந்து மட்டும் மூன்று பையன்கள் அங்கே ஒரே சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார்கள்.

அன்று பிற்பகல் இரண்டாம் நம்பர் லயத்தில் ஒரு அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. “மாளிகாவத்தையில குண்டு வெடிச்சிருச்சு, கடையெல்லாம் பத்தி எரியுது, நம்ம தோட்டத்துப் பையன்க ஒருத்தனையும் காணலையாம்” என்று ஒரு ஆள் பதறிப் பேசுகிறார். பேசியது யார் என்று இன்று வரை ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எம்முடைய பேச்சு மாதிரியே பேசினார். அதனாலேயே எல்லோரும் நம்பினார்கள். அந்த அம்மாவின் மகன் அந்த மூன்று பேரில் ஒருவன். செய்தி வந்து அரை மணித்தியாலத்துக்குள் மேல் கணக்கு, கீழ்க்கணக்கு, பக்கத்துத் தோட்டம் எல்லாம் அது போய்விட்டது. அனுப்பியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. பாவம், தாய் அழுகிறாளே என்றுதான் அனுப்பினார்கள்.

அந்த அம்மா மகனுக்கு எடுத்தார். கிடைக்கவில்லை. அன்றைக்கே அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் தடை செய்திருந்தது. சாதாரணமாக எடுக்கலாம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அவருக்கு மகனுடைய நம்பர் தெரியாது. மகனுடைய படத்தை அமுக்கத்தான் தெரியும். படத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்து, பதில் இல்லாமல், மகன் போய்விட்டான் என்றே முடிவு செய்துவிட்டார். லயமே சாவு வீடு மாதிரி ஆகிவிட்டது.

மாலையில் கோயில் வாசலில் ஏழெட்டு இளைஞர்கள் கூடினார்கள். டவுனில் உள்ள முஸ்லிம் கடைகளுக்குப் “போய்க் கேட்போம்” என்று பேச்சு. கேட்பது என்றால் என்ன என்று உங்களுக்கு விளங்கும். டவுனில் அந்தக் கடைக்காரர்கள் எமக்குத் தீபாவளிக்குக் கடனுக்குத் துணி கொடுப்பவர்கள். நல்ல வேளையாக ஒரு வயதான கங்காணி ஐயா அங்கே இருந்தார். அவர் சொன்னது இவ்வளவுதான்: “அடேய், அந்த போன்ல பேசுனவன் யாருடா? எவன் கண்டது? மொதல்ல பையன் உசுரோட இருக்கானான்னு பாருங்கடா.”

அதற்குப் பிறகுதான் ஒருவர் யோசித்து, சம்பளத்துக்கு முன்பணம் அனுப்பிய பழைய துண்டில் இருந்த கடை முதலாளியின் நம்பரைத் தேடி எடுத்தார். லைன் கிடைக்க இரவு எட்டரை மணி ஆனது. பையனே பேசினான். “அம்மா, நாங்க கடைக்கு மேல மாடியில இருக்கோம். ஊரடங்குச் சட்டம் போட்டிருக்கு. மொதலாளி வெளிய போக வேணாம்னுட்டாரு. அவங்க வீட்டுலருந்து சோறு வந்துச்சு, சாப்புட்டோம்.” அவர்களுக்குத் தெமட்டகொடைச் சத்தம் கேட்டிருக்கிறது. மாளிகாவத்தையில் எந்தக் கடையும் எரியவில்லை.

பிறகு அந்தப் பையன்கள் லீவில் வந்தபோது நாம் கூப்பிட்டு விசாரித்தோம். அவர்கள் சொன்னதுதான் எமக்கு உறைத்தது. அன்றிரவு மாளிகாவத்தையிலும் ஒருவரும் தூங்கவில்லையாம். ‘கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து ஆட்கள் கத்தி, பொல்லோடு வருகிறார்கள்’ என்று அவர்களுக்கும் ஒரு செய்தி வந்திருக்கிறது. சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிகளில் இருந்திருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்றும் அந்த நாட்களில் ஒரு கதை பரவியது. முதலாளி வீட்டில் இரண்டு நாள் போத்தல் தண்ணீரில் சோறு ஆக்கினார்களாம். இங்கே நாம் அவர்களுக்குப் பயந்தோம், அங்கே அவர்கள் எமக்குப் பயந்தார்கள். இரண்டு பயத்தையும் ஊட்டியது ஒரே மாதிரியான செய்திதான். பேசியவர் முகம் தெரியாது, பார்த்தவர் பெயர் கிடையாது.

இனி எமது தவறையும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 25 ஆம் திகதி பொலிஸார் தேடப்படும் ஆறு பேரின் படங்களை வெளியிட்டார்கள். நாம் அதை அச்சடித்து, பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் உள்ள அறிவித்தல் பலகையில் ஒட்டினோம். மக்களின் பாதுகாப்புக்காகச் செய்கிறோம் என்ற நினைப்பு. ஆனால் அதில் ஒரு படம் தவறு. அது இலங்கைப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த ஒரு பல்கலைக்கழக மாணவியின் படம். தாக்குதலுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பொலிஸாரே தவறை ஏற்றுத் திருத்தம் வெளியிட்டார்கள். திருத்தம் எமக்கும் தெரிய வந்தது. ஆனாலும் பலகையில் இருந்த தாளைக் கிழிக்க எமக்கு மூன்று நாள் பிடித்தது. கணக்கு முடிக்கும் வாரம், வேலை அதிகம் என்று சாட்டுச் சொல்லலாம். அந்த மூன்று நாளில் யாரோ ஒருவர், எமது பாடசாலைக்கு பஸ்ஸில் வந்துபோகும் முஸ்லிம் ஆசிரியை ஒருவரைப் பார்த்து ‘அந்தப் படத்தில இருக்குறவ மாதிரியே இல்ல?’ என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சு பஸ் வரை போனது. அடுத்த தவணைக்கு அந்த டீச்சர் வரவில்லை. இடமாற்றம் எடுத்துப் போய்விட்டார். அதற்கு இதுதான் காரணமா என்று நாம் விசாரிக்கவில்லை. விசாரிக்க வெட்கமாக இருந்தது. பொலிஸ் கொடுத்த படமே பிழைக்கும் என்றால், யார் கொடுத்தது என்றே தெரியாத படத்தை என்ன சொல்வது?

போன் வந்ததால்தான் இந்தத் தொல்லை என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். அது முழுக்கச் சரியில்லை. 1977 ஆகஸ்டில் போன் எங்கே இருந்தது? யாழ்ப்பாணத்தில் பொலிஸுக்கும் மக்களுக்கும் தகராறு ஏற்பட்டிருந்த நேரம், அங்கே நாக விகாரை தாக்கப்படுகிறது, ரயில் நிலையத்துக்கு வந்த சிங்கள மக்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொலிஸ் வானொலியில் கொழும்புக்கு ஒரு செய்தி போனது. அது பொய் என்று பிறகு விசாரித்த சன்சோனி ஆணைக்குழு சொன்னது. சன்சோனி முன்னாள் பிரதம நீதியரசர். ஆனால் ஆணைக்குழு சொல்லும் முன்பே நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. அந்தக் கலவரத்தில் யாழ்ப்பாணத்தையே கண்ணால் காணாத எமது தோட்ட மக்களின் லயங்கள் எரிந்தன. எத்தனையோ குடும்பங்கள் சட்டி பானையோடு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. இன்றும் உங்களில் பலருக்கு அங்கே சித்தப்பா, பெரியம்மா வீடுகள் இருப்பது அதனால்தான்.

1983 ஜூலையும் அப்படித்தான். கலவரம் தொடங்கி நான்கைந்து நாளில் கொஞ்சம் ஓய்ந்த மாதிரி இருந்தது. 29 ஆம் திகதி வெள்ளிக்கிழமை சனங்கள் கந்தோர்களுக்கும் கடைகளுக்கும் திரும்பியிருந்தார்கள். அப்போது புறக்கோட்டையில் ‘புலிகள் கொழும்புக்கு வந்துவிட்டார்கள்’ என்று ஒரு கதை கிளம்பியது. வாய்க்கு வாய், கடைக்குக் கடை பரவி, ஆயிரக்கணக்கான ஆட்கள் தலை தெறிக்க ஓடினார்கள். பயந்து ஓடிய கூட்டம்தான் கொஞ்ச நேரத்தில் தமிழர் என்று கண்டவர்களைக் கொல்லத் தொடங்கியது. புலி ஒன்றும் வரவில்லை. முதலில் பயப்படுத்துகிறது, பயந்தவன் கையில் பிறகு பொல்லைக் கொடுக்கிறது. வதந்தியின் வேலை அதுதான். அன்று அது புறக்கோட்டையைச் சுற்றிவர ஒரு காலை நேரம் எடுத்தது. இன்று அதற்கு ஒரு நிமிடம் போதும்.

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் ஏதோ கட்டியாக இருந்ததைக் காட்டி, ‘சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை போடுகிறாய்தானே’ என்று கடைக்காரரைச் சூழ்ந்து கேட்டார்கள். மொழி சரியாக விளங்காமல், பயத்தில் அவர் தலையாட்டியதைப் படம் பிடித்து பேஸ்புக்கில் போட்டார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்தக் கட்டி வெறும் மாவுக் கட்டி என்று பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் தெரிந்தது. அடுத்த வாரம் கண்டி திகனையில் கலவரம். மார்ச் 6 இல் அவசரகாலச் சட்டம், 7 இல் பேஸ்புக் தடை. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பேச்சைக் கவனித்து நீக்க பேஸ்புக் கம்பனியிடம் அப்போது போதிய ஆட்கள் இல்லை. 2020 மே மாதத்தில் அந்தக் கம்பனி இதற்காக மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருடம் கழித்து.

சிலாபத்தில் நடந்ததை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2019 மே 12. குண்டுவெடிப்பு நடந்து மூன்று வாரம். ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் யாருக்கோ ஆங்கிலத்தில் ஒரு வரி பதில் எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பது அதன் கருத்து. அதை வாசித்தவர்கள், இன்னொரு குண்டு வைக்கப் போவதாக மிரட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்றே கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அடுத்த நாள் குளியாப்பிட்டிய, ஹெட்டிப்பொல, மினுவாங்கொட என்று பரவியது. கொட்டாரமுல்லையில் தச்சுப் பட்டறை வைத்திருந்த ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கும் அந்த ஒரு வரிக்கும் என்ன சம்பந்தம்? எமது வீடுகளில் ‘ரொம்பச் சிரிக்காத, அப்புறம் அழுவ’ என்று தாய்மார் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பிள்ளைகளிடம் சொல்வார்கள். அதே பேச்சு, பயம் பிடித்த நேரத்தில், முகம் தெரியாத இடத்தில், இன்னொரு மொழிக்காரர் வாசிக்கும்போது வேறாகிவிடுகிறது. ஆகவே அப்படியான நேரத்தில் வெளிப் பேஸ்புக்கில் பகிடி, குத்தல் பேச்சு, கோபம் எதுவும் எழுத வேண்டாம் என்று எமது இளைஞர்களுக்குக் கண்டிப்பாகவே சொல்கிறோம். எழுதியவன் தப்பிக்கொள்வான், பக்கத்து ஊர்க்காரன் சாவான்.

சட்டமும் இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின்படி (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம்) இன, மத வெறுப்பைத் தூண்டினால் பத்து வருடம் வரை சிறை. பிணை கேட்டு மேல் நீதிமன்றம் வரை போக வேண்டும். 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. இந்தச் சட்டங்கள் எல்லோர் மேலும் ஒரே மாதிரிப் பாய்வதில்லை என்பது எமது அபிப்பிராயம். சும்மா எழுதியவர்கள் மாதக் கணக்கில் உள்ளே இருந்ததும், உண்மையில் தூண்டிவிட்டவர்கள் வெளியே திரிந்ததும் உண்டு. வக்கீல் பிடிக்க வசதியில்லாத எமது பிள்ளைகள் அதனால்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

யுத்தம் இப்போது இலங்கையில் இல்லைதானே என்று சிலர் கேட்பார்கள். எமது பிள்ளைகள் இருக்கும் நாடுகளில் இருக்கிறதே! 2023 ஒக்டோபரில் இஸ்ரேலில் யுத்தம் தொடங்கிய பிறகும் விவசாய வேலைக்கு இலங்கையர் அங்கே போனார்கள். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாள் மோதின. 23 ஆம் திகதி கட்டாரில் உள்ள அமெரிக்கப் படைத்தளத்துக்கு ஈரான் ஏவுகணை விட்டது. வளைகுடா நாடுகளின் வான்பாதை கொஞ்ச நேரம் மூடப்பட்டது. மகளை வீட்டு வேலைக்கு அனுப்பிய தாய்மார் அன்றிரவு எப்படி இருந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அந்த யுத்தத்தில் கம்பியூட்டரே செய்து கொடுத்த பொய் வீடியோக்கள் ஏராளமாகச் சுற்றின. அதற்கு முந்திய யுக்ரேன், காசா யுத்தங்களில் ‘ஆர்மா 3’ என்ற வீடியோ விளையாட்டில் வரும் காட்சிகளை உண்மையான சண்டை என்று உலகம் முழுக்க அனுப்பினார்கள். 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியபோது, கராச்சித் துறைமுகம் அழிந்துவிட்டது என்று இந்தியாவின் சில பெரிய டீவிக்களே இரவு முழுக்கச் சொன்னதையும் நாம் கண்டோம். விடிந்து பார்த்தால் துறைமுகம் அங்கேயேதான் இருந்தது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். வெளிநாட்டில் உள்ள மகளிடம் ‘அங்க என்ன நடக்குது, வீடியோ எடுத்து அனுப்பு புள்ள’ என்று கேட்காதீர்கள். ஆமிக்காரர் போவதையும் குண்டு விழுந்த இடத்தையும் படம் எடுத்து அனுப்புவதை யுத்த காலத்தில் எந்த நாடும் பொறுத்துக்கொள்வதில்லை. அந்தப் படம் எதிரிக்கும் உதவும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் வதந்தி பரப்பினால் குறைந்தது ஒரு வருடச் சிறையும் ஒரு இலட்சம் திர்ஹம் தண்டமும் உண்டு. நெருக்கடி காலத்தில் அது இரண்டு வருடம், இரண்டு இலட்சம். இது 2021 இல் வந்த சட்டம். ‘நல்லா இருக்கியா, சாப்புட்டியா’ என்று கேட்டால் போதும். மகள் பற்றிப் பயமாக இருந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற நம்பரில் எந்த நேரமும் எடுக்கலாம்.

போனில் ஒரு செய்தி வந்தால் அதன் மேலே ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அனுப்பியவர் தானாகச் சொன்னது இல்லை, வேறு எங்கோ இருந்து வந்ததைத் தள்ளிவிட்டிருக்கிறார். இரட்டை அம்புக்குறி என்றால் பல கை மாறி வந்திருக்கிறது. 2019 இல் வாட்ஸ்அப் கம்பனி, ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் தள்ள முடியாமல் உலகம் முழுக்கக் கட்டுப்படுத்தியது. பொய்ச் செய்தியை நம்பி இந்தியாவில் ஆட்களை அடித்துக் கொன்ற பிறகு வந்த கட்டுப்பாடு அது. ஆனால் ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து பேருக்கு அனுப்பினால் இருபத்தைந்து. அது மூன்றாம் கையில் நூற்றிருபத்தைந்து. ஒரு டிவிசனுக்கு அது தாராளமாகப் போதும்.

கங்காணி ஐயா கேட்ட ‘எவன் கண்டது?’ என்ற கேள்விதான் நாம் படித்த எல்லாவற்றிலும் பெரிய பாடம். கண்ட ஆளின் பெயர் இல்லாத செய்தி வந்தால் அது உங்கள் போனோடு நிற்கட்டும். அனுப்பியவருக்கு எடுத்து, ‘இத யாரு சொன்னா?’ என்று கேளுங்கள். ‘தெரியல, எனக்கும் வந்துச்சு’ என்பார். அவ்வளவுதான் விஷயம். இறந்தவர்களின் உடல் படங்களையும் அனுப்ப வேண்டாம். அது யாரோ ஒரு தாயின் கைக்கு முதலில் போய்ச் சேரும். உண்மையிலேயே ஆபத்து என்றால் அதை குரூப்பில் போடாமல் 119 க்குச் சொல்லுங்கள். அனுப்பிவிட்ட பிறகு பிழை என்று தெரிந்தால், அதை அழித்தால் மட்டும் போதாது. யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அத்தனை பேருக்கும் ‘நான் அனுப்புனது பொய்’ என்று சொல்ல வேண்டும். கஷ்டமான வேலைதான். எமக்கும் மூன்று நாள் பிடித்தது என்று மேலே எழுதியிருக்கிறோமே.

இந்த மாதத்தில் இருந்து எமது நலன்புரிக் காரியாலயத்தில் ஒரு பெரிய கொப்பி வைத்திருக்கிறோம். கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ள உங்கள் பிள்ளைகளின் நம்பர், வேலை செய்யும் இடத்தின் நம்பர், முதலாளியின் நம்பர் மூன்றையும் அதில் எழுதித் தாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் போனைக் கொண்டு வந்தால் நாமே பார்த்து எழுதிக்கொள்வோம். உங்களுக்கும் ஒரு துண்டில் எழுதித் தருவோம், சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாம் நம்பர் லயத்து அம்மா முதல் ஆளாக வந்து பதிந்துவிட்டார். அவருடைய மகன் இன்னமும் மாளிகாவத்தையில், அதே கடையில்தான் வேலை செய்கிறான். மற்றவர்கள் சனிக்கிழமை கொழுந்து நிறுத்த பிறகு வாருங்கள். நாலு மணி வரை காரியாலயம் திறந்திருக்கும்.